விஞ்சில் ஏறாத தண்டபாணி அண்ணன்

மே மாதம், சீசன் நெரிசலில் ஒரு வியாழக்கிழமை. கொடைக்கானல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, போன் அடித்தது. செண்பகனூருக்குக் கீழே, அருவிப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர் பேசினார். "ஒங்க லைன்மேன் அண்ணன் வளைவுல உக்காந்தவரு எந்திரிக்கலம்மா. வெரசா யாரையாச்சும் அனுப்புங்க" என்றார். சைக்கிளைப் பாலத்துச் சுவரில் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஜீப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தண்டபாணி அண்ணனைத் தெரியாதவர்களுக்காகவும் எழுத வேண்டும் என்று அலுவலக மலரைத் தயாரிக்கும் நண்பர்கள் கேட்டார்கள். இந்த மலையில் அவரைத் தெரியாதவர்கள் யார் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அவர் பழனிக்காரர். அடிவாரத்தில் மாலைக் கடை வைத்திருந்த குடும்பம். லைன்மேன் வேலைக்கு மேலே வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். அவரிடம் இல்லாத ஒரே பழக்கம் உட்காருவது. டீயை நின்றுகொண்டு குடிப்பார், நடந்துகொண்டு பேசுவார். செல்போன் வந்து, ஆளாளுக்கு வீட்டு போனைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு புகார்களும் குறைந்துபோயின. அப்போதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வில்பட்டி, கவுஞ்சி என்று கிளம்பிவிடுவார். எதற்கு என்று கேட்டால், கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதும் சோலிதானே தங்கச்சி என்பார்.

நான் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கின் மேல் இருக்கும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே அவரை ஒரு பிடி பிடித்தேன். அன்றிலிருந்து என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்.

மூன்று வருடங்களுக்கு முன் கவுஞ்சிச் சாலையில் ஒரு வெள்ளைக்காரர் சங்கிலி அறுந்த சைக்கிளோடு நின்றிருந்தார். பெயர் மார்ட்டின், ஆஸ்திரியா நாட்டு மலைக்கிராமம். அண்ணன் தன் பையிலிருந்த டெலிபோன் கம்பியால் சங்கிலியை முடிந்து கொடுத்தார். அப்புறம் இரண்டு பேருமாகக் கேரட் வயல்களுக்கு நடுவே ஒரு நாள் முழுக்கச் சுற்றியிருக்கிறார்கள். மொழியே தெரியாமல் எப்படித்தான் பேசினார்களோ! ஊருக்குத் திரும்பும்போது மார்ட்டின் அந்த மலை சைக்கிளை அண்ணனுக்கே கொடுத்துவிட்டு, ஒரு ஜூன் மாதம் பனி கரைந்ததும் நீங்கள் எங்கள் மலைக்கு வர வேண்டும் என்று சொல்லிப் போனார்.

அதோடு எங்கள் நிம்மதி போயிற்று. ஆல்ப்ஸ் மலை வரைபடம் ஒன்று எக்ஸ்சேஞ்ச் சுவரில் ஏறியது. இது வில்பட்டி ஏற்றம் மாதிரி, இது பூம்பாறை இறக்கம் என்று அதன் மேல் விரலை ஓட்டுவார். மார்ட்டினுக்கு இ-மெயிலில் கடிதம் எழுதுவதும் வந்ததைப் படித்துச் சொல்வதும் என் பொறுப்பு. மதியம் ஏழு ரோட்டு பிரவுசிங் சென்டருக்குப் போவோம். நான் டைப் செய்வேன், அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். பதில் வரத் தாமதமானால் ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "இப்ப பாரு" என்பார். பயணத்துக்கு எட்டு மாதம் முன்பே விடுப்பு விண்ணப்பம் கொடுத்த மனிதர் எங்கள் இலாகாவில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

போன ஐப்பசியில் வில்பட்டி ஏற்றத்தில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. மதுரை டாக்டர் மாத்திரை கொடுத்து, இனி சைக்கிளில் ஏற்றமே ஏறக் கூடாது என்றாராம். சட்டைப் பையில் மாத்திரை அட்டையைப் பார்த்து நான் கேட்கப்போய்த்தான் எனக்கே சொன்னார். அவர் மனைவி வள்ளி அண்ணிக்கும் தெரியக் கூடாது, மார்ட்டினுக்கும் தெரியக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். நானும் கொடுத்தேன்.

ஏப்ரலில் விசா வந்தது. அடுத்த வாரமே மார்ட்டினின் கடிதமும் வந்தது. மலை உச்சிக்குக் கம்பியில் தொங்கிப் போகும் லிஃப்டுக்கு இருவருக்கும் ஆறு நாள் பாஸ் வாங்கி வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். படித்துச் சொன்னேன். பின்னால் நடை நின்றுபோயிற்று. வெளியே வந்ததும் கேட்டார், "அவருக்கு யாரு சொன்னா தங்கச்சி?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பழனியில் மலைக்கோயிலுக்கு ஏற, கம்பியில் இழுக்கும் விஞ்ச் வண்டி இருக்கிறது. கால் முடியாதவர்கள், சீக்காளிகள், தள்ளாத வயதுக்காரர்கள் அதில் போவார்கள், மற்றவர்களுக்குப் படி இருக்கிறது. அவர் குடும்பத்துக்கு இதுதான் கணக்கு. "எங்க வீட்டுல ஒரு ஆளு விஞ்ச் ஏறினா, அவருக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு அர்த்தம்" என்று முன்பே சொல்லியிருக்கிறார். அவருடைய நெஞ்சு வலி தெரியாமல் மார்ட்டின் எதற்கு லிஃப்ட் வாங்க வேண்டும்? நான்தான் சத்தியத்தை மீறி எழுதிவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டார்.

"ஒங்க நெஞ்சப் பத்தி ஊருக்குத் தண்டோரா போடுறதுதான் எனக்குச் சோலியா?" என்று கேட்டேன்.

"ஒன்ன நம்பித்தானே சொன்னேன்" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மெதுவாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே மார்ட்டினிடம் விவரம் கேட்டு எழுதினேன். உடனே பதில் வந்தது. அங்கே சிறுவர்கள், பந்தய வீரர்கள், எல்லாருமே சைக்கிளோடு லிஃப்டில்தான் மேலே போவார்களாம். இறங்குவதுதான் அங்கே விளையாட்டு. அந்தக் கடிதத்தை அச்செடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டேனே தவிர, கொடுக்கவில்லை. அவர் வந்து, தெரியாமல் சொல்லிவிட்டேன் தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று இருந்தேன். என் திமிர்.

தமக்கு லிஃப்ட் தேவையில்லை என்று காட்ட அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் வெள்ளனே பெருமாள்மலைக்கு இறங்கி, அங்கிருந்து கொடைக்கானலுக்கு மிதித்து ஏறி வரத் தொடங்கினார். என் வீடு செண்பகனூரில், அந்தச் சாலை ஓரத்தில். ஜன்னல் வழியே பார்ப்பேன். முகம் வெளுத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு போவார். ஓடிப்போய் அண்ணியிடம் சொல்லிவிடலாமா என்று கால் பரபரக்கும். சொன்னால் அவர் என்னைப் பற்றி நினைத்தது உண்மையாகிவிடுமே என்று இருந்துவிடுவேன். ஒன்பது நாள் இப்படி இருந்தேன்.

ஒன்பதாம் நாள் மாலை என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "சைக்கிளப் பிளேன்ல ஏத்தப் பொட்டி செஞ்சுட்டேன் தங்கச்சி. வந்து பாக்கிறியா?" என்றார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கும் விதம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். "வேல கெடக்கு" என்றேன். போய்விட்டார்.

மறுநாள் காலை ஜன்னலில் அவர் வரவில்லை. அப்பாடா, புத்தி வந்து ஓய்ந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டு, தலை வாரிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். அப்போது அவர் என் வீட்டுக்குக் கீழே நாலு வளைவு தள்ளி உட்கார்ந்திருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு, வள்ளி அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியம், லிஃப்ட், கைப்பையில் கிடந்த கடிதம், எல்லாம். அண்ணி அழவில்லை. "மாத்திர அட்ட சட்டப் பையிலதானம்மா கெடந்துச்சு. தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? கேட்டா அந்தப் பயணம் நின்னுருமேன்னு நானும் கேக்காம இருந்துட்டேன்" என்றார்.

பிறகு அண்ணி எழுந்து என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். கேபிள் வந்த தடித்த அட்டைகளை வெட்டி ஒட்டி, மூலைக்கு மூலை கம்பி தைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. ஒரு பக்கம் மார்ட்டினின் முகவரி. மறுபக்கம், வழியில் தொலைந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எழுதும் இடத்தில், என் மேசை போன் நம்பர். அதற்குக் கீழே பட்டை பட்டையான எழுத்தில்: ஸ்டெல்லா, தங்கை.

பெட்டி நன்றாக வந்திருக்கிறது அண்ணே. அங்கே லிஃப்ட் எல்லாருக்கும்தானாம். நீங்கள் இருந்தவரை நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை அண்ணே, லிஃப்ட் விஷயத்தை உங்களிடம்கூட.