அண்ணன் கேட்காமல் விட்ட கேள்வி

என் அண்ணனைத் தெருவில் மாவு என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாகக் கல் அறுக்கும் பட்டறையில் வேலை. சமையல் மேடைக்கும் தரைக்கும் பலகை அறுத்துத் தருவது. சாயங்காலம் வரும்போது புருவம்வரை வெள்ளையாக இருப்பான். அண்ணி வாசலிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீரைக் கொட்டுவார். "உள்ள போன தூசிக்கு எந்தத் தண்ணிய ஊத்துறது" என்று ஒருநாள் அவர் முணுமுணுத்தபோது எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

என் பிழைப்பு வாயால். ஒரு பெரிய அறை, நாற்பது பெண்கள், காதில் ஹெட்போன். ஊரில் பாதி மருத்துவமனைகளுக்கு வரும் அழைப்புகளை நாங்கள்தான் எடுப்போம். என்ன பேச வேண்டும் என்பது திரையில் வந்துவிடும். நுரையீரல் மருத்துவர்கள் ஒன்பது பேர் எங்கள் வழியாகத்தான். அரசுக் காப்பீட்டு அட்டை என்று யாராவது சொன்னால், "மன்னிக்கணும், டாக்டர் இப்போ அந்த அட்டையில புதுசா யாரையும் பாக்கறதில்ல" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி உண்டு: காத்திருப்புப் பட்டியல் இருக்கிறதா என்று அவர்களாகக் கேட்டால் மட்டும் பெயரைப் பதியவும். கேட்காதவர்களிடம் மூச்சுவிடக் கூடாது. விட்டால், பேச்சுப் பதிவை ஒட்டுக்கேட்கும் மேற்பார்வையாளர் அம்மா வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். நான் இரண்டு வருடம் மூச்சுவிடவில்லை. சிறந்த ஊழியர் என்று ஒரு கோப்பை வேறு கொடுத்தார்கள். வெட்கங்கெட்டுப்போய் அதை வீட்டில் அலமாரியில் வைத்திருந்தேன்.

மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறும் நிலைமை வந்த பிறகுதான் அண்ணன் டாக்டரைப் பார்க்கச் சம்மதித்தான். அவனிடம் இருந்தது அரசு அட்டை. காப்பீட்டு அலுவலகத்தில், அந்த அட்டையை ஏற்கும் பதினேழு நுரையீரல் மருத்துவர்களின் பட்டியலைக் கொடுத்தார்கள். "நானே கூப்பிட்டுப் பாத்துக்கறேன், உனக்கு ஆயிரம் வேலை" என்றான். நல்லதாய்ப் போயிற்று என்று நானும் விட்டுவிட்டேன். அவனைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். "கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன்" என்பான். இப்படியே ஆறு மாதம் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தான். போன் போகல. ரிட்டயர் ஆயிட்டார். இவர் பல் டாக்டராம். ஒன்பது பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரே வாசகம்: புதுசா யாரையும் பாக்கறதில்ல.

நான் தினமும் நூறு தடவை சொல்லும் வாசகம் அது.

"வெயிட்டிங் லிஸ்ட் இருக்கான்னு கேட்டியா அண்ணா?"

"அப்படி வேற ஒண்ணு இருக்கா?"

மறுநாள் காலை முதல் வேலையாக அவன் பெயரை நானே பதிந்தேன். மூன்றே வாரத்தில் இடம் கிடைத்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெகுநேரம் பார்த்தார். "இன்னையோட தூசிய நிறுத்துங்க. ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு போயிருக்காது. போனது இனி திரும்பாது" என்றார். அந்த ஆறு மாதமும் அண்ணன் ஒருநாள்கூட விடாமல் பட்டறைக்குப் போயிருந்தான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னால் அடக்க முடியவில்லை. பொடி எழுத்து, மேற்பார்வையாளர் அம்மா, கோப்பை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். "அந்த ஒன்பதுல எத்தனைய நான் எடுத்தேனோ தெரியல. யாரோ எவரோன்னு சொல்லித் தொலைச்சிருப்பேன்" என்று அழுதேன்.

அண்ணன் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"மூணு. உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அண்ணன் பேசறேன்னு ஒரு வார்த்தை சொல்லல?"

"எல்லாம் பதிவாகுதுன்னு நீதான சொல்லியிருக்கே. என்னால உன் வேலைக்கு எதுவும் வந்துடக் கூடாதுல்ல. அதான் குரல மாத்திப் பேசினேன்."

அவன் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு மேலே சொன்னான்.

"நீ நல்லாத்தான் பேசினே. மூணாவது தடவ எனக்கு இருமல் வந்து பேச முடியல. 'மெதுவா தண்ணி குடிச்சிட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்'னு சொன்னே. நிஜமாவே இருந்தே."

இருந்திருக்கிறேன். அவன் தண்ணீர் குடித்துவிட்டு வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.