முள் சிவப்புக்கு வந்த பிறகு

ஜெயபாண்டி குடியிருப்பது வறண்ட கரிசல்காட்டுப் பந்தல்குடியில். வேலை பார்ப்பது தண்ணீருக்கு அடியில். இதைக் கேட்டுச் சிரிக்காதவர் எங்கள் பக்கம் குறைவு. தூத்துக்குடியில் சங்கு குளித்துக்கொண்டிருந்தவர், பெண் எடுத்த ஊரிலேயே தங்கிவிட்டார். கயிறு அறுந்து கிணற்றில் விழுந்த மோட்டார்களை எடுத்துக்கொடுப்பதுதான் இப்போது பிழைப்பு. ஒரு காது மந்தம். முதுகில் சிலிண்டரைக் கண்டவரெல்லாம் "ஆக்சிஜனா?" என்பார்கள். "நம்ம தெருக் காத்துதான், அமுக்கி அடைச்சிருக்கு" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "ஆமா" என்றுவிடுகிறார்.

போன மாதம் எம்.ரெட்டியபட்டியில் அவர் மச்சான் வெள்ளத்துரையின் மோட்டார் விழுந்துவிட்டது. பருத்தி காய்பிடித்து நிற்கிற நேரம். தண்ணீர் பாயாவிட்டால் கருகிவிடும். ஜெயபாண்டி இறங்கினார். மேலே குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தது. வெள்ளத்துரை ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று சொட்டுநீர்க் குழாய் போட்ட மனுஷன். வயிறு எரிந்தது.

ஏறி வந்ததும் பிடித்துக்கொண்டார். "என்ன மாப்ள, காத்தெல்லாம் வீணாப் போகுது? மூச்சை அடக்கிச் சிக்கனமா இருக்கக் கூடாதா?"

"அடக்கிக்கிட்டு ஏறுனா நெஞ்சு வெடிச்சிரும் மச்சான். மேல வர வர காத்து விரியும். கீழ தண்ணி அமுக்குற அளவுக்கு இந்தச் சிலிண்டரும் அமுக்கித்தான் குடுக்கும், அதான் சீக்கிரம் தீருது. மோட்டாரு சகதியில கெடக்கு. கயிறு கட்ட இன்னொருக்கா எறங்கணும். ஆனா காத்து மீட்டர்ல முள்ளு சிவப்புக்கு வந்துருச்சு."

வெள்ளத்துரை மீட்டரைப் பார்த்தார். "இன்னும் இருக்குல்ல! ரிசர்வுல என் பைக்கு அருப்புக்கோட்டை வரைக்கும் போகுது."

"பைக்கு நின்னா தள்ளிட்டு வரலாம்."

"தங்கச்சி மாப்ளைன்னு நம்பிக் கூப்பிட்டேன் பாரு!"

வாதாட ஜெயபாண்டிக்குத் தெம்பில்லை. வாய்க்குழாயை நீட்டினார். "கடிச்சுக்கிட்டு இழுங்க."

இழுத்தால் காற்று வந்தது, விட்டால் நின்றது. வெள்ளத்துரை குழாயை எடுத்துவிட்டு, "அட, கேட்டாத்தான் குடுக்குது!" என்று மறுபடியும் கடித்துக்கொண்டார். ஜெயபாண்டி சத்தமில்லாமல் சிலிண்டர் திருகை மூடினார். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது பாதியில் நின்றது. வெள்ளத்துரைக்குக் கண் பிதுங்கியது. குழாயைத் துப்பிவிட்டு வாயைப் பிளந்து மூச்சு வாங்கினார்.

"ஏலே, கொல்லப் பாத்தியே!"

"நீங்க துப்பிட்டீக மச்சான். கீழ நான் எங்கிட்டுத் துப்ப?"

வெள்ளத்துரை பருத்தியை ஒருமுறை பார்த்தார். பிறகு சிலிண்டரைத் தூக்கி பைக்கில் வைத்துக் கட்டினார்.

"எங்க போறீக?"

"தூத்துக்குடிக்கு. காத்து அடைச்சிட்டு வாரேன். நாளைக்கு எறங்கு. பருத்தி ஒரு நாளு வாடட்டும்."

அவர் பேசி முடிப்பதற்குள் ஜெயபாண்டி மோட்டார் ரூம் நிழலில், கால் துடுப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போயிருந்தார். வெள்ளத்துரை பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல் வரப்பு முடியும்வரை தள்ளிக்கொண்டே போனார்.