மாயக்காள் வாங்கிய பிளசர்

என் மாமியார் மாயக்காள் தன்னுடைய ஐம்பத்தெட்டாவது வயதில் என்னையும் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போய், பழைய வண்டி விற்கிற ஒரு கடையில், "பிளசர் இருக்கா?" என்று கேட்டார். "இருக்கும்மா, சிங்கிள் ஓனர்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் ஒரு சிவப்பு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். அந்தப் பெயரில் ஸ்கூட்டர் ஒன்று இருப்பது அத்தைக்குத் தெரியாது. அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல நாலு பேரு எங்கன உக்காருறது?" என்றார்.

எங்கள் ஓடைப்பட்டிப் பக்கம் பழைய ஆட்களுக்குக் கார் என்றால் பிளசர்தான். லாரி உண்டு, பஸ் உண்டு, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் உண்டு, மற்றதெல்லாம் பிளசர். அத்தை அதை ஒரு கம்பெனியின் பெயர் என்றே நாற்பது வருஷமாக நினைத்திருந்தார். விஷயம் புரிந்ததும் கடைக்காரர் உள்ளே இருந்தவரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வயசானவர்கள் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் சிரிப்பதற்கென்றே சிலர் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "வாங்கத்தே, போவோம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது, "ஏத்தா பவானி, பிளசருன்னா என்னதேன் அர்த்தம்?" என்று கேட்டார்.

"சந்தோசம்னு அர்த்தம் அத்தே. வேலைக்குன்னு இல்லாம சந்தோசத்துக்குப் போற காருன்னு வெள்ளக்காரன் பேரு வச்சிருப்பான்."

வீரபாண்டி வரைக்கும் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் சொன்னார்: "அப்ப நான் சரியாத்தேன் கேட்டிருக்கேன்."

அவருக்கு அந்த ஆசை பிடித்தது பதினைந்து வயதில். அப்போது அடுத்தவர் தோட்டத்துக்குத் திராட்சை வெட்டப் போய்க்கொண்டிருந்தார். பந்தலுக்கு அடியில் அண்ணாந்தபடியே வெட்டி, கூடையைத் தலையில் ஏற்றி, ரோட்டுக்குச் சுமந்துகொண்டு வர வேண்டும். ஒரு நாள் அந்த ரோட்டில் சந்தன நிறத்தில் ஒரு பியட் கார் நின்றது. உள்ளே புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். அத்தை கொடுத்துவிட்டு, "எந்த ஊருக்குப் போறீக?" என்று விசாரித்திருக்கிறார். அந்த அம்மா, "ஊருக்கெல்லாம் இல்லம்மா, சும்மா போறோம்" என்று சொல்லியிருக்கிறார்.

கல்யாணம், சாவுத் துட்டி, ஆஸ்பத்திரி, சந்தை என்று எதுவுமே இல்லாமல் ஒரு வண்டி கிளம்பும் என்பது அதுவரை அத்தைக்குத் தெரியாது. அவருக்கு வாய்த்த வண்டிகள் வேறு. தாலி கட்டிய அன்று டிராக்டர். பிரசவத்துக்கு மாட்டு வண்டி. மாமா இறந்தபோது ஆஸ்பத்திரி வேன். சும்மாவுக்கும் சும்மாட்டுக்கும் கடைசியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் என் மாமியாருக்குக் கிடைத்ததெல்லாம் சுமைக்கு அடியில் தலையில் சுருட்டி வைக்கிற சும்மாடுதான். தனியாளாக நின்று ஒன்றரை ஏக்கர் வாங்கினார், சொந்தப் பந்தல் போட்டார், மகனைப் படிக்கவைத்துச் சின்னமனூரில் உரக்கடை வைத்துக்கொடுத்தார். பிளசர் மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

ஸ்கூட்டர் சமாசாரத்துக்குப் பிறகு நானே விசாரித்தேன். தேனியில் பழைய கார்களை மட்டும் பார்க்கிற சுந்தர்ராஜ் என்ற மெக்கானிக் கிடைத்தார். போடியில் ஒரு குடும்பம் விற்கச் சொல்லியிருந்த, அதே பியட் ஜாடையிலான பத்மினி கார் அவர் பட்டறையில் நின்றது. வெளுத்த சந்தன நிறம். கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், முன் சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம். அத்தை கதவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். நாலு தடவை அப்படிச் செய்தார். சுந்தர்ராஜ் சிரிக்கவில்லை. "யாரும்மா ஓட்டப் போறது?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தேன்."

"கையில கியரு. பழகணும்."

"அருவாளும் கையிலதேன் பழகுனேன்" என்றார் அத்தை.

வீட்டில் என் கணவர் விஜய்பாண்டி குதித்தார். "அந்தக் காசுக்கு ஒரு லோடு வண்டி எடுத்தா வருசம் பூராம் ஓடும்ல? இதுக்குப் பெட்ரோல் ஊத்தி மாளாது. ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கிறவக சிரிக்கட்டும். யாரு சொமந்த காசு?" என்று அத்தை கேட்டார். கார் வந்தது. லைசென்ஸ் டெஸ்டில் அத்தை முதல் தடவை தோற்றார், இரண்டாம் தடவை தேறினார். தோற்ற அன்று எங்கள் தெருவில் நாலு பேர் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து போனார்கள். தேறிய அன்று ஒருத்தரையும் காணோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தையும் கேரள எல்லையை ஒட்டிய லோயர் கேம்ப் வரை போனோம். விஜய்பாண்டி வரவில்லை. கூடலூர் தாண்டியதும் செக்போஸ்ட் போலீஸ்காரர் கை காட்டினார்.

"கேரளாவுக்கா?"

"இல்லய்யா, சும்மா வந்தோம்."

"சும்மான்னா?"

அவருக்கு அது விளங்கவில்லை. டிக்கியைத் திறக்கச் சொல்லி, கடத்தல் ரேஷன் அரிசி மூட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஸ்டெப்னி மட்டும்தான் இருந்தது. சுமை எதுவும் இல்லாத வண்டி என்று போலீஸ்காரரே பார்த்துவிட்டதில் அத்தைக்கு அப்படி ஒரு பெருமை. பவர்ஹவுஸைத் தாண்டி வருகிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஒரு சாமான் வாங்கவில்லை, ஒரு சாமி கும்பிடவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில், என்ன காரணம் என்று யாருக்கும் சொல்லாமல் நான் வீட்டைவிட்டுக் கிளம்பிய முதல் நாள் அதுதான். வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாகவும் அழுகையாகவும் வந்தது.

பிறகு ஆரம்பித்தது தொல்லை. சும்மா நிற்கிற வண்டியைப் பார்த்தால் ஊருக்குக் கண் உறுத்தும் போலிருக்கிறது. ஒருத்தர் உர மூட்டை ஏற்றக் கேட்டார், ஒருத்தர் சீர் சாமான் கொண்டுபோகக் கேட்டார். இன்னொருத்தர் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாமே என்று வருமானத்துக்கு வழி சொன்னார். அத்தை எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். "உசுருக்கு ஆபத்துன்னா நடுச்சாமத்துலயும் எடுப்பேன். காத்தாட ஒரு சுத்து வரணும்னா இப்பவே ஏறுங்க. வேலைக்குன்னா பஸ்சுல போங்க." பலருக்கு வருத்தம். ஒரு சொந்தக்காரி இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கடைசியில் வினை வீட்டுக்குள்ளேயே வந்தது. போன பங்குனியில் எங்களுக்குத் திராட்சை வெட்டு. விடிந்ததிலிருந்து வெட்டி, ஐம்பது டிரே அடுக்கியாகிவிட்டது. வியாபாரியின் லாரி மெயின் ரோட்டில் நின்றது. பதினொரு மணிக்குக் கிளம்பிவிடும். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு டிரேக்களைக் கொண்டுபோக வேண்டிய லோடு ஆட்டோ, வரும் வழியில் அச்சு முறிந்து உட்கார்ந்துவிட்டது. வேறு வண்டி கிடைக்கவில்லை. வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது.

நானும் அத்தையும் வெட்டுக்கு வந்த நாலு பெண்களும் பந்தலுக்குள் இருந்தோம். வெளியே கார் சத்தம் கேட்டது. அத்தை அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினார். விஜய்பாண்டி வீட்டிலிருந்து காரை எடுத்து வந்திருந்தார். பின் சீட்டைக் கழற்றிக் கிணற்று மேட்டில் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் டிரேக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆறு டிரே உள்ளே போயிருந்தது.

"எறக்கு" என்றார் அத்தை.

"அம்மா, லாரி போயிரும். வெட்டுன பழம் வெயில்ல கெடந்தா என்னாகும்னு உனக்குத் தெரியாதா? நம்ம பழம்தானம்மா?"

"நம்ம பழம்தேன். இதும் நம்ம தலைதேன்." தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிச் சும்மாடு கூட்டி, தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார். "ஏத்து."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கே அத்தை மேல் கோபம்தான் வந்தது. ஒரு தடவை ஏற்றினால் கார் என்ன தேய்ந்தா போய்விடும்? ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்கு ஏற்றினால் நாளைக்கும் ஏற்றுவார்கள், அடுத்த வெட்டுக்குக் கேட்காமலே ஏற்றுவார்கள் என்பது அதில் எழுதியிருந்தது. அது எனக்குத் தெரியாதா? நான் பி.காம். படித்துவிட்டு உரக்கடைக்கு ஒரு நாள் உதவிக்குப் போனவள்தான், ஒன்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறேன். என் முந்தானையையும் சுருட்டிக்கொண்டு அத்தைக்குப் பின்னால் போய் நின்றேன்.

விஜய்பாண்டி எங்களை மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் காரிலிருந்து ஒரு டிரேயைத் தூக்கி அவருடைய அம்மாவின் தலையில் வைத்தார். ரோடு அரைக் கிலோமீட்டர். வெட்டுக்கு வந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் சும்மாடு கூட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நடையில் விஜய்பாண்டி தன் தோளிலும் ஒன்றை ஏற்றிக்கொண்டார். கார் கதவெல்லாம் திறந்தபடி பாதையின் நடுவில் நின்றது. ஒவ்வொரு நடைக்கும் நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனோம். கடைசி டிரே ஏறும்போது மணி பதினொன்றே கால். லாரிக்காரர் திட்டிக்கொண்டே, ஆனாலும் காத்திருந்து எடுத்துப்போனார்.

திரும்பி வந்ததும் விஜய்பாண்டி யாரும் சொல்லாமலே பின் சீட்டைத் தூக்கிவந்து மாட்டினார். சிந்தியிருந்த இலைகளைப் பொறுக்கி எறிந்தார். அத்தை கிணற்று மேட்டில் உட்கார்ந்து, கழுத்தைப் பிடித்தபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கழுத்து ஒரு பக்கம் திரும்பவேயில்லை.

"ஏம்மா" என்று கேட்டார் விஜய்பாண்டி. குரலில் கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ஆத்திர அவசரத்துக்கு ஒரு வேலைக்கு ஒதவாத வண்டி நமக்கு எதுக்கு?"

அத்தை செம்பைக் கீழே வைத்தார்.

"ஏலே, இந்த வீட்டுல நான் ஒரு நாளு உக்காந்ததில்ல. உம்பொண்டாட்டி உக்காந்ததில்ல. நீயும் இல்ல. மாட்டுக்கு ஓய்வில்ல, மோட்டாருக்கு ஓய்வில்ல. நம்மகிட்ட இருக்குறதுல ஒண்ணே ஒண்ணாச்சும் வேல பாக்காம இருக்கட்டும்டா."