எலிசியோவின் வியாழக்கிழமை

தோமிதிலாவின் கணவன் எலிசியோ எல்லை தாண்டி வடக்கே போய் ஒன்பது வருடமாகிறது. டெக்சாஸில் கோழி ஆலையில் வேலை. அவன் விட்டுப்போனதில் ஒன்றை மட்டும் அவள் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தாள். அது அவனுடைய வியாழக்கிழமை.

ஊர் போர்க்கிணற்றில் தண்ணீர் பாய்ச்ச ஏழு முறை, முறைக்கு வாரத்தில் ஒரு நாள். திங்கள் தோமிதிலாவுடையது, வியாழன் எலிசியோவுடையது. இரண்டு வருடம் எடுக்காத முறை மற்றவர்களுக்குப் போய்விடும். ஒருவர் முறைத் தண்ணீரை இன்னொருவர் நிலத்துக்குத் திருப்பவும் கூடாது. அதனால் வியாழன்தோறும் விடியும்போது மோட்டாரைப் போட்டு, மடையைத் திறந்து, ஒரு விதைகூட இல்லாத அவன் நிலத்துக்குத் தண்ணீர் கட்டினாள். அவளுடைய குதிரைமசால் தீவனப் பயிரை அறுக்கவே ஒற்றை ஆளாக முடியவில்லை, இதில் இன்னொரு நிலத்தில் எங்கே விதைப்பது? அவர் வந்து விதைப்பார் என்பாள். ஈர மண் வாசனை எழும்போது அவன் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும். அந்த நேரத்துக்காகவே அவளுக்கு வாரம் நகர்ந்தது.

கிணற்றுத் தண்ணீரோ வருடத்துக்கு நாலு மீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது.

பல்கலைக்கழகத்திலிருந்து ஹிமேனா என்ற இஞ்சினியர் பெண் வந்தாள். ஊர்க்காரர்கள் தண்ணீரை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறாளாம். ஊருக்கே தெரியாததை அது தெரிந்துகொண்டு என்ன செய்யுமோ! முதலில் எல்லோரையும் கூட்டத்தில் உட்கார வைத்து விளையாடச் சொன்னாள். நடுவில் ஒரு சட்டி நிறைய அவரைக்கொட்டை, அதுதான் கிணறு. ஒவ்வொரு சுற்றும் ஒரு வருடம், சுற்று முடிந்ததும் மழைக்கென்று கொஞ்சம் திரும்பப் போடுவாள். முறைக்கு ஒரு கிண்ணம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். தோமிதிலா இரண்டு கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். ஒன்பதாவது சுற்றில் சட்டி காலி.

"அவரைக்கொட்டையைக்கூட விட்டுவைக்க மாட்டேங்கிறீங்களே!" என்றார் கிணற்றுத் தலைவர் சாலமோன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஹிமேனா தன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. வியாழக்கிழமை மோட்டார் ஓடுது, ஆனா அந்த நிலத்துல பயிரே இல்ல. வெறும் மண்ணுக்கு யாராவது தண்ணி விடுவாங்களா?"

சிரிப்பு நின்றது. ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஒருவரும் வாயைத் திறந்து கேட்டதில்லை.

"பயிர் இல்லன்னு யாரு சொன்னா? முள்ளு நல்லா விளையுது" என்று பக்கத்து நிலத்து ஃபவுஸ்தினோ சமாளித்துப் பார்த்தான்.

"நீ சும்மா இருப்பா" என்றாள் தோமிதிலா. பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "அவரு வந்தா தண்ணி வேணும்லம்மா. அதான்."

ஹிமேனாவின் முகம் சிவந்துவிட்டது. அந்த வியாழனின் கிண்ணத்தை எடுத்துவிட்டு இன்னொரு தடவை விளையாடினார்கள். சட்டி பதினான்கு வருடம் தாங்கியது. ஃபவுஸ்தினோவின் சின்ன மகளுக்கு அப்போது இருபது வயதாகியிருக்கும்.

"நாங்க யாரும் அந்த முறையை எடுத்துக்க மாட்டோம் மதினி. மோட்டாருக்கு ஒரு நாள் ஓய்வு, அவ்வளவுதான்" என்றார் சாலமோன். "ஆனா விட்டுட்டா திரும்பக் கிடைக்காது. எலிசியோகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை எலிசியோ போனில் கூப்பிட்டான். முன்பெல்லாம் ஒரு மணி நேரம் பேசுவான். இப்போது பத்து நிமிடம். அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"வியாழக்கிழமை முறையை விட்டுடலாமாங்க? கிணறு இறங்குது."

"எந்த முறை?" என்றான் எலிசியோ.

"நம்ம போர்ல... உங்களோடது."

"அட, அது இன்னும் இருக்கா? நீ அப்பவே யாருக்காவது குடுத்திருப்பேன்னுல்ல நெனச்சேன். எனக்கு எதுக்கு இனிமே? விட்டுத் தள்ளு." பிறகு அங்கே பெய்யும் மழையைப் பற்றிப் பேசினான்.

அவள் ம் கொட்டினாள். ஒன்பது வருடத்து வியாழக்கிழமைகளை எண்ணிப் பார்க்க முயன்றாள், முடியவில்லை. அவனைத் திட்டவும் வரவில்லை. அவன் வேண்டும்போல்தான் இருந்தது, முன்பைவிட அதிகமாக.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றாள். "வியாழக்கிழமையை விட்டுடறோம். எழுதிக்கங்க."

"எலிசியோ ஒத்துக்கிட்டானா?" என்றார் சாலமோன்.

"நான் சொல்றதுக்கு முன்னாடியே அவருதான் சொன்னாரு. அந்த நிலத்தை நெனைக்காத நாளில்லையாம். ஆனாலும் ஊர்ப் பிள்ளைங்களுக்குத் தண்ணி இருக்கட்டும், என் முறையை விட்டுருன்னாரு. சொல்லும்போது தொண்டை அடைச்சிருச்சு அவருக்கு."

கூட்டம் நெகிழ்ந்து போனது. எலிசியோ எப்போதுமே பெரிய மனசுக்காரன் என்றார்கள். ஃபவுஸ்தினோ எழுந்து கை தட்டினான், எல்லோரும் தட்டினார்கள். தோமிதிலாவும் அவர்களோடு சேர்ந்து தட்டினாள்.