புங்கமரத்தடி ஸ்பெஷல் கிளாஸ்

எங்கள் வீட்டு அடுக்களையில் கரண்டிகள் மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி உண்டு. மதினியின் கல்லூரி அடையாள அட்டை ஒரு வருஷம் முழுக்க அதில்தான் தொங்கியது. நீல நாடா, அதில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு, அட்டைக்குள் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணின் படம். கல்யாணத்துக்கு முன்பு எடுத்த படம். காலையில் குழம்பைத் தாளித்து இறக்கிவிட்டு, சேலையை அவிழ்த்துப் போட்டுச் சுடிதாருக்கு மாறி, அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் மதினி மாணவி. சாயங்காலம் திரும்பி வந்து அதை ஆணியில் மாட்டினால் மருமகள். "மதினி, டூட்டி மாறிட்டீங்க" என்று நான் கேலி செய்வேன். "வாய மூடு பிள்ள, அத்த காதுல விழுந்துறப் போவுது" என்பார். அவருக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

மதினிக்குப் பிறந்த ஊர் பொன்னமராவதி. புதுக்கோட்டையில் விடுதியில் தங்கிக் கணக்குப் படித்துக்கொண்டிருந்தவரை, இரண்டாம் வருஷம் முடிந்த கையோடு என் அண்ணனுக்குக் கட்டிவைத்தார்கள். அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை. லீவு முடிந்ததும் அவன் விமானம் ஏறிவிட்டான். பெண் டிகிரியை முடித்துவிட்டு அங்கே போகட்டும் என்று இரண்டு வீட்டாரும் பேசியிருந்தார்கள். ஆகவே கடைசி வருஷம் கீரனூரில் எங்கள் வீட்டிலிருந்து போய்வந்தார். நான் அதே பெண்கள் கல்லூரியில் முதல் வருஷம் காமர்ஸ். "ரெண்டு பேரும் ஒண்ணாப் போங்க, ஒண்ணா வாங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். புது மருமகள் தினமும் பஸ் ஏறிப் போவதைப் பற்றித் தெருவில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்கத்தான் செய்தார்கள். "டிகிரிக்குப் படிக்குது" என்று, டிகிரி என்ற சொல்லை மட்டும் அழுத்தி அம்மா பதில் சொல்வாள். அவள் எட்டாவதோடு நின்றவள். டீச்சர் என்றால் அவளுக்குச் சாமிக்கு அடுத்தபடி.

ஏப்ரல் மாதக் கல்லூரியைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கப் பேசுவேன். பாடம் முடிந்திருக்கும், பரீட்சை இன்னும் வந்திருக்காது. நடுவில் கிடக்கும் அந்த நாட்கள் யாருக்கும் சொந்தமில்லாதவை. ரெக்கார்டு நோட்டெல்லாம் கையெழுத்தாகிவிட்டதால் பேராசிரியர்களுக்கே கோபம் குறைந்திருக்கும். பூட்டாத வகுப்பறையில் எல்லா மின்விசிறிகளையும் முழு வேகத்தில் சுழலவிட்டு, பெஞ்சில் மல்லாந்து படுக்கலாம். கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று, வெள்ளரிப்பிஞ்சு, கொஞ்சம் நடந்தால் நுங்கு. ஒருத்தி தலையை இன்னொருத்தி பின்னிவிடுவாள், பிடிக்கவில்லை என்று அவிழ்ப்பாள், மறுபடி பின்னுவாள். சொல்லப்போனால் இதில் ஒன்றுமே இல்லை. இந்த ஒன்றுமில்லாததற்காகவா ரெண்டு பெண்கள் அந்த வெயிலில் பஸ்ஸில் இடிபட்டுப் போனீர்கள் என்று கேட்டால், ஆமாம், இதற்காகத்தான் போனோம்.

ஸ்டடி லீவு விட்ட அன்று அம்மா, "அப்ப இனிமே பரீட்சை அன்னைக்கு மட்டும் போனாப் போதும்ல?" என்று கேட்டாள். மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "இல்லத்த, ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டில் பொய் சொல்லும் உத்தியோகம் என்னுடையது. மதினி சாப்பிட்டேன் என்றால் சாப்பிட்டிருப்பார், அப்படிப்பட்ட ஆள். ஆனாலும் சுதாரித்துக்கொண்டு, "ஆமாம்மா, எங்க கிளாஸுக்கும் இருக்கு" என்று நானும் ஒட்டிக்கொண்டேன். அம்மா கண்ணை அகல விரித்தாள். "லீவுலயும் வந்து சொல்லிக் குடுக்குறாங்களா! எந்த மகராசியோ, நல்லா இருக்கணும்." அந்த மகராசி யாரென்று எங்களுக்கே தெரியாது.

கணக்குத் துறைக்குப் பின்னால் ஒரு புங்கமரம் நின்றது. சித்திரையில் அதன் பூ உதிர்ந்து, தரையில் பொரியைக் கொட்டிவைத்த மாதிரிக் கிடக்கும். அதன் அடியில்தான் எங்கள் ஸ்பெஷல் கிளாஸ். விடுதியில் தங்கியிருந்த மதினியின் தோழிகள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவார்கள். புத்தகம் இருக்கும், திறக்கவும் செய்வார்கள். மதினி கணக்கில் கெட்டிக்காரி. மற்றவர்களுக்குப் புரியாததை மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டுவார். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தி கொட்டாவி விடுவாள். அதன் பிறகு கூட்டம் பட்டினத்துக்காரியின் கைக்குப் போய்விடும்.

பட்டினத்துக்காரி மதினியின் பழைய அறைத் தோழி. கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரி என்பதால் அந்தப் பெயர். அவளுடைய வாப்பா வைத்த பெயரை வருகைப் பதிவுக்கு மட்டும்தான் யாரும் பயன்படுத்துவார்கள். துப்பட்டாவைத் தலையில் இழுத்துச் சரிசெய்து, மூக்குக் கண்ணாடியை நுனிமூக்குக்கு இறக்கிவிட்டு, "டியர் ஸ்டூடண்ட்ஸ்" என்று ஆரம்பித்தால் கணக்குத் துறைத் தலைவி மேடமே வந்து நிற்பார். மேடம் தும்முவது, தும்மிவிட்டு "எங்க விட்டேன்?" என்று கேட்பது, எல்லாம் அச்சு அசல். மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். வீட்டில் நான் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை. அம்மா கொடுமைக்காரி இல்லை. மருமகள் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவும் இல்லை. ஆனாலும் அவர் சிரித்ததில்லை.

ஒருநாள் பஸ்ஸில் வரும்போது, "சிங்கப்பூர் போறதுக்குப் பயமா இருக்கா மதினி?" என்று கேட்டேன். பரீட்சை முடிந்ததும் கிளம்ப அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டிருந்தான். "பயமெல்லாம் இல்ல. அங்கிட்டுப் போனா ஒங்கண்ணன் இருப்பாரு, வீடு இருக்கும், எல்லாம் இருக்கும்" என்றவர், ஜன்னல் பக்கம் திரும்பி, "சும்மா ஒக்காந்திருக்க ஆளு கெடைக்குமா?" என்றார். அவருக்கு அண்ணனைப் பிடிக்கும், போகவும் ஆசைதான். அதற்கு முன்னால் இந்தக் கொஞ்ச நாள் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் விஷயம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். எனக்கு ரெண்டு அடியோடு போகும். புது மருமகள் தினமும் பொய் சொல்லிவிட்டு எங்கோ போகிறாள் என்றால் அது பொன்னமராவதி வரைக்கும் போகும், சிங்கப்பூர் வரைக்கும் போகும். அங்கே மரத்தடியில் மாங்காய் தின்றோம் என்றால் யார் நம்புவார்கள்?

ஒருநாள் மத்தியானம் பட்டினத்துக்காரி நல்ல வேகத்தில் இருந்தாள். கையில் ஒரு குச்சி, சுவரில் செங்கல் துண்டால் வரைந்த பெரிய வட்டம், நாங்கள் வரிசையாக உட்கார்ந்து தாளமுடியாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் கட்டட ஓரத்தில் அம்மா. ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் தண்ணீர்க் கேன், முகமெல்லாம் வியர்வை. மதினியின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் எழுந்து நிற்கக்கூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அம்மா எங்களைப் பார்க்கவில்லை. நேரே பட்டினத்துக்காரியைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க டீச்சர், பாடத்துக்கு நடுவுல வந்துட்டேன். லீவு நாளு, உள்ள யாரும் இல்லன்னு வாட்ச்மேன் சொன்னாரு. அவருக்கு என்ன தெரியும்?" என்றாள். பட்டினத்துக்காரி மட்டும் அன்று தடுமாறியிருந்தால் எல்லாம் போயிருக்கும். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பரவாயில்லங்கம்மா, ஒக்காருங்க. இந்தக் கணக்க முடிச்சிர்றேன்" என்றாள். அம்மா கடைசி வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அடேயப்பா, அதன் பிறகு ஒரு பாடம் நடந்தது பாருங்கள்! வட்டத்துக்குள் ஒரு புள்ளி, வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி என்று பட்டினத்துக்காரி உண்மையாகவே பாடம் எடுத்தாள். ஒருத்தி சந்தேகம் கேட்டாள். இன்னொருத்தி குறிப்பு எடுத்தாள். அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு கூடையைத் திறந்தாள். மாங்காய் போட்ட மீன் குழம்பு, சோறு, அவித்த முட்டை. "லீவுலயும் அலையுதுகளே, தயிர்ச்சோத்தத் தின்னுட்டு எப்புடிப் படிக்கும்னு மனசு கேக்கல" என்றாள். டீச்சருக்கென்று தனியாக ஒரு டப்பா வந்திருந்தது, வாழை இலையெல்லாம் நறுக்கி உள்ளே வைத்து. பட்டினத்துக்காரி குச்சியைக் கீழே வைத்துவிட்டு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "சாப்புடுங்க டீச்சர். மீனு சேராதா?" என்றாள் அம்மா. "எங்க ஊரே மீனுதாங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். மதினி ஒரு வாய்கூட விழுங்கவில்லை. எல்லாரும் கைகழுவிய பிறகு அம்மா கேட்டாள்: "இன்னும் பாடம் நெறைய இருக்குங்களா டீச்சர்?" பட்டினத்துக்காரி மதினியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "பரீட்சை வரைக்கும் இருக்குங்கம்மா" என்றாள். "சரி" என்று அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. அம்மா சீரியல் பார்த்தாள், மாவு ஆட்டினாள். மதினி என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய், "எங்கப்பாவுக்குப் போன் போட்டுட்டாங்களா? நீ போய்க் கேளேன்" என்று அழுதார். எனக்கு மட்டும் தைரியம் எங்கிருந்து வரும்? மறுநாள் காலையில் அவர் சேலையை மாற்றவில்லை. ஆணியிலிருந்த அட்டையை எடுக்கவும் இல்லை. கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா வந்து பார்த்தாள். "ஏத்தா, இன்னைக்குக் கிளாஸ் இல்லியா?"

"முடிஞ்சிருச்சுங்கத்த" என்றார் மதினி.

"பரீட்சை வரைக்கும் இருக்குன்னுல டீச்சர் சொன்னாங்க. கீரைய நான் பாத்துக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்பு."

அன்று பஸ்ஸில் மதினி கீரனூரிலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் அழுதுகொண்டே வந்தார். பக்கத்து சீட்டுக்காரம்மா யாருக்கு என்ன ஆச்சு என்று என்னிடம் விசாரித்தார். பரீட்சைப் பயம் என்று சொல்லிவைத்தேன். மடியில் அம்மா கட்டிக்கொடுத்த பெரிய தூக்குச்சட்டி சுட்டது. இருபது வயதுகூட நிரம்பாத ஒரு டீச்சரை நம்பும் அளவுக்கு அம்மா அப்பாவி இல்லை. என்னைப் பெற்று வளர்த்தவள் அவள்.

இப்போது நான் திருச்சிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஏப்ரல் மாதம் பஸ்ஸில் காலேஜ் பிள்ளைகள் கூட்டம் குறையாமல் இருந்தால், ஸ்டடி லீவில் இதுகள் எங்கே போகுதுகள் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். மதினி சிங்கப்பூரில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சும்மா உட்கார்ந்திருக்க அங்கே ஆள் கிடைத்ததா என்று கேட்டால், "எங்க பிள்ள, எல்லாரும் ஓடுறாங்க" என்பார். பட்டினத்துக்காரி சென்னையில் ஏதோ கம்பெனியில் இருக்கிறாள். பாடம் எடுக்கும் வேலைக்கு அவள் போகவே இல்லை. அம்மாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. மதினி போனில் பேசும்போதெல்லாம், "டீச்சர் நல்லாருக்கா?" என்று கேட்டுவிடுவாள். மதினி இதுவரை உண்மையைச் சொன்னதில்லை. அம்மாவும் கேட்டதில்லை.

அந்த வருஷம் கடைசிப் பரீட்சை அன்று அம்மாவும் எங்களோடு கிளம்பினாள். "கடைசி கிளாஸு, டீச்சருக்கு ஒண்ணும் குடுக்காம விட்டா நல்லாருக்காது" என்று முந்தின நாளே அதிரசம் சுட்டு வைத்திருந்தாள். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் பரீட்சை எழுதி முடிக்கும்வரை அந்த மரத்தடியிலேயே காத்திருந்தாள். மத்தியானம் எல்லாரும் வந்து சேர்ந்தோம். விடுதிப் பெண்களின் பெட்டிகள் எல்லாம் கட்டியாகிவிட்டது, சாயங்காலம் ஆளுக்கொரு திசையில் பஸ். அதிரசத்தைத் தின்றோம், அழுதோம், அழுகிறவர்களைக் கேலி செய்தோம். அம்மா எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொடுத்தாள்.

கிளம்பும் நேரத்தில் பட்டினத்துக்காரி எழுந்து குச்சியை எடுத்தாள். "டியர் ஸ்டூடண்ட்ஸ், இன்னைக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கல" என்றாள். ஒவ்வொருத்தி பெயராகக் கூப்பிட்டாள். "பிரசன்ட் மேம்", "பிரசன்ட் மேம்" என்று சிரிப்பும் அழுகையுமாகக் குரல்கள் வந்தன. மதினியின் பெயருக்கு மதினியால் வாய் திறக்க முடியவில்லை, கையை மட்டும் தூக்கினார். என் பெயரும் வந்தது. பிறகு அவள் மதினியிடம் குனிந்து காதில் ஏதோ கேட்டாள். நிமிர்ந்து நின்று, அம்மாவின் பெயரைக் கூப்பிட்டாள்.

எங்களுக்கு அவள் அம்மா, அத்தை. அப்பாவுக்கு அவள் "இந்தா". அந்தப் பெயரை நானே ரேஷன் கார்டில் பார்த்ததோடு சரி. அம்மாவும் முதலில் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்தாள். பட்டினத்துக்காரி இன்னொரு தடவை கூப்பிட்டாள். அம்மா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் சரிசெய்தாள். எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள்.

"உள்ளேன் டீச்சர்" என்றாள்.