காணம் காயப்போட்ட ரோட்டில் என் கல்யாணக் கார்

வெளிநாட்டில் குளிர்காலத்தில் ரோட்டிலே பனி உறைந்து கிடக்குமாம். அதில் கார் வழுக்கிக் கவிழுமாம். வீட்டுப் பிள்ளைகள் கண்ணை விரித்துக்கொண்டு சொன்னபோது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சங்கரன்கோவிலில் பனிக்கட்டி ஏது? சர்பத் கடைக்காரர் மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருந்தால் உண்டு. ஆனால் கார் கவிழ அதெல்லாம் வேண்டாம், காணம் போதும். கொள்ளுப் பயறைத்தான் நாங்கள் காணம் என்போம். அதில் வழுக்கிக் கவிழ்ந்து உயிர் பிழைத்தவள் நான். அதுவும் என் கல்யாணத்தன்று, பட்டுச்சேலையோடு.

ஐம்பதுகளில் எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்கு, அதாவது வெள்ளாமைக்காரர்களுக்கு, தார் ரோடு என்றால் சர்க்கார் போட்டுக் கொடுத்த களம். காணத்தைச் செடியோடு பிடுங்கிவந்து ரோட்டில் பரப்பிவிட்டு ஓரத்தில் குந்தியிருப்பார்கள். பஸ்ஸோ லாரியோ ஏறிப் போனால் நெற்று உடைந்து மணி உதிரும். மாட்டை வைத்து மிதிக்கிற வேலை மிச்சம்.

எனக்கு ஊர் கரிவலம்வந்தநல்லூர். மாப்பிள்ளை வீடு சங்கரன்கோவில், கல்யாணமும் அங்கேதான். தை மாதம், நல்ல வெயில். பெண்ணை அழைத்துப் போக வாடகைக் கார் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அக்கா, எனக்கு மதினி, வந்திருந்தார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். காரில் எனக்குத் துணையாக ஏறிய சித்தியை இறக்கி மாட்டுவண்டிக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் சீர் கொடுத்த பித்தளை அண்டாவை ஏற்றினார். "வண்டியில போனா நெளிஞ்சிரும்" என்றார். அண்டாவைத்தான் சொன்னார்.

முன்பு எனக்குக் கூடிவந்த ஒரு சம்பந்தம், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் குறுக்கே பூனை ஓடியதால் முறிந்துபோயிருந்தது. இந்தக் கல்யாணமும் நின்றால் அப்புறம் என்னை எவன் கட்டுவான்? ஒரு அசம்பாவிதமும் இல்லாமல் கழுத்தில் தாலி ஏறவேண்டுமே என்று சங்கரநாராயணரை வேண்டியபடி அண்டாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாதி வழியில் ரோடு முழுக்கக் காணம். ஏறிக் கடந்தோம். நெற்று படபடவென்று வெடித்தது. சம்சாரி ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, காலையிலேருந்து ஒரு வண்டியக் காணோம். ஒரு தடவ திரும்பி வந்து ஏத்திட்டுப் போங்க. புண்ணியமாப் போவும்."

மதினிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன்னைக் கார்க்காரி என்று நினைத்து ஒருவன் கெஞ்சுகிறானே! "கல்யாணப் பொண்ணு வெள்ளாமை மேல போறது நல்ல சகுனம்லா? திருப்பும் வே!" என்றார் டிரைவரிடம்.

"உதிர்ந்து கெடக்கும்மா, வழுக்கும்" என்றார் டிரைவர்.

"வண்டி ஓட்டுதது நீரா, நானா?"

அவர் ஓட்டினார். ஆனால் ஓட்டியது மதினிதான். போனோம், வந்தோம். "ஓரமெல்லாம் அப்படியே கெடக்கே" என்றார் சம்சாரி. இன்னும் ஒரு தடவை, இன்னும் கொஞ்சம் வேகமாக. அவ்வளவுதான். டிரைவர் ஒரு பக்கம் திருப்ப, கார் தன்னிஷ்டத்துக்கு மறுபக்கம் போனது. வானம் காலடியில் வந்தது. ஓடைக்குள் சரிந்து படுத்தது கார். அடியில் நான், என் மேல் அண்டா, அண்டா மேல் மதினி.

டிரைவரும் சம்சாரியும் கதவு வழியாக எங்களை மேலே இழுத்துப் போட்டார்கள். யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. டிரைவர் காரைத் தடவித் தடவி அழுதார். சம்சாரி ரோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் மிதிபடாமலே போச்சே" என்றார். மதினி அண்டாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், நெளிசல் இருக்கிறதா என்று. அப்புறம்தான் என்னைப் பார்த்தார். என் வலது கையில் ஒரு கண்ணாடி வளையல்கூட மிச்சமில்லை.

"ஐயையோ! வாசப்படி மிதிக்க முன்னாலயே வளவி ஒடஞ்சிட்டே! நான் என்னத்தச் சொல்லுவேன், எந்தம்பிக்கு இப்படி ஒரு ராசி கெட்டவளா வந்து வாய்க்கணும்?" என்று நடுரோட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். அழுகையெல்லாம் எங்கே போனதோ.

"மதினி, வண்டியத் திருப்பச் சொன்னது யாரு? பந்தல்ல வச்சுக் கேக்கட்டா?"

தலையில் அடித்த கை அப்படியே நின்றது. ஊரெல்லாம் சிரிக்குமே என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எழுந்து சேலையை உதறினார். "வாயத் தொறக்காத, என்னா? ஒண்ணும் நடக்கல."

என் இடது கை வளையல்களில் பாதியைக் கழற்றி வலது கையில் ஏற்றப் பார்த்தார். அதற்குள் மணிக்கட்டு பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. ஏறவில்லை. டிரைவரிடம் வண்டி எண்ணெயை வாங்கித் தடவித் தள்ளினார். "வலிக்குதாட்டி?" என்றார். உயிர் போய் உயிர் வந்தது. "இல்ல மதினி" என்றேன். கை ஒடிந்தது தெரிந்தால் என்னைத் திருப்பி அனுப்ப அது ஒன்று போதாதா?

சம்சாரியின் மாடுகள் காரை இழுத்து நிமிர்த்தின. கிளம்பும்போது அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "போற போக்குல அந்த ஓரத்துல மட்டும்..." என்றார். மதினி பார்த்த பார்வையில் மாடுகள்கூடப் பின்வாங்கின.

கல்யாண வீட்டு வாசலில் நசுங்கின காரிலிருந்து இறங்கினேன். தலைமுடியெல்லாம் காணச் சருகு, மேலெல்லாம் வண்டி எண்ணெய் வாடை. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மதினி அசரவில்லை. "வழியெல்லாம் சம்சாரிமாரு காணத்த அள்ளிப் போட்டு வாழ்த்துதாங்க. போதும் போதும்னாலும் கேக்க மாட்டேங்காங்க. காரே நசுங்கிப் போச்சுன்னாப் பாத்துக்கிடுங்க!" நம்பினார்களே, அதுதான் ஆச்சரியம். ஒரு கிழவி தானும் ஒரு பிடி காணம் எடுத்துவந்து என் தலையில் போட்டாள்.

மணமேடையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாலி ஏறியது. மூச்சு விட்டேன். ஆனால் அப்பா என் வலது கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தபோது கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டிவிட்டது. பிரிவாற்றாமை என்று அப்பாவும் சேர்ந்து அழுதார். மாப்பிள்ளை மட்டும் குனிந்து வளையலுக்குக் கீழே பார்த்தார். பிடித்த கையை மெதுவாக விட்டுவிட்டு, தீயைச் சுற்ற என் இடது கையைப் பிடித்தார்.

"வலது கையப் பிடிக்கணும்" என்றார் ஐயர்.

"எனக்கு இதுதான் தோது."

பந்தல் முழுக்கக் கசமுசாவென்றது. பீச்சாங்கையைப் பிடிக்கிறானே, இது நல்லதுக்கா என்று பின்னால் யாரோ கேட்டது என் காதில் விழுந்தது. தாலி ஏறிய பிறகும் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று சங்கரநாராயணரை மறுபடி கூப்பிட்டேன். அப்போது மதினியின் குரல் கணீரென்று கேட்டது. "எங்க வீட்டு வழக்கமே அதுதான், ஐயரே! நீரு மந்திரத்தச் சொல்லும்."

கூட்டம் அடங்கியது. சுற்றினோம். கடைசிச் சுற்றில், மாலையைச் சரிசெய்வதுபோல் மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்தார்.

"ஒடிஞ்சிட்டோ?"

"ஆமா."

"எங்கக்கா என்ன செஞ்சா?"

"ரோட்டுல காணம் கெடந்துச்சு. வண்டியத் திருப்பித் திருப்பி ஓட்டச் சொன்னாங்க."

"சொல்லியிருப்பா" என்றார் அவர்.

மேடை என்றும் பாராமல், எரிகிற தீக்கு முன்னால், ஒடிந்த கையோடு நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். மதினி முறைத்தார். முறைக்கட்டும். இனி என்னை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.