அரைச் சுருதி

பெரிய பெரிய ஊர்களின் அரங்குகளில் ஜாஸ் பியானோ வாசிக்கிறவர் என் தாய்மாமா என்று சொல்லும்போது எனக்கு இன்றும் பெருமை பிடிபடாது. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. எப்படிப்பட்ட பங்கு என்பதைத்தான் வீட்டில் இதுவரை சொன்னதில்லை.

நான் அப்போது நான்காம் வகுப்பு. மாமா திருவனந்தபுரத்தில் எங்களோடுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் கீதங்களுக்கு வாசிப்பார். மதியம் கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டு. சாயங்காலம் கோவளத்து ஓட்டலில் ஜாஸ்.

"நம்ம ஆளு கிழக்கேகோட்டை பஸ்ஸுல்லா, எல்லா ரூட்டுலயும் ஓடும்" என்று அப்பா கேலி செய்வார். என் வாய்ப்பாடுகளைக்கூட மாமா தினம் ஒரு மெட்டில் வாசித்துத்தான் மனப்பாடம் செய்யவைத்தார். பதினாறாம் வாய்ப்பாடு மட்டும் அவர் கைக்கும் அடங்கவில்லை.

அந்தக் கோவளத்து ஓட்டலுக்கு மும்பையிலிருந்து ஒரு சாக்ஸபோன்காரர் வந்தார். வெளிநாடுகளைச் சுற்றும் அவருடைய குழுவுக்குப் பியானோ வாசிக்க ஆள் வேண்டுமாம். ஒரு மதியம் மாமாவோடு சேர்ந்து வாசித்துப் பார்ப்பது, பிடித்திருந்தால் கையோடு அழைத்துப்போவது என்று ஏற்பாடு. அம்மா கோயிலில் நேர்ந்துகொண்டாள். நானும் வேண்டிக்கொண்டேன், மாமாவின் வாசிப்பு அவருக்குப் பிடிக்கக் கூடாது என்று. சாமியை மட்டும் நம்பிச் சும்மா இருக்கவும் மனம் வரவில்லை.

மாமாவின் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. பாடகரின் தொண்டைக்குத் தக்கபடி சுருதியை மாற்றுவதற்கானது. அமுக்கினால், விரல் வைத்த இடத்திலேயே இருக்க, சத்தம் மட்டும் அரைச் சுருதி ஏறிவிடும். மாமாவே எனக்குக் காட்டியது. அன்று அம்மாவும் நானும் கூடப் போயிருந்தோம். ஓட்டலில் அவர் டீ குடிக்கப் போன சமயம் அதை ஒருமுறை அமுக்கிவிட்டு, அம்மா பக்கத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

தொடங்கியதுமே சாக்ஸபோனும் கீபோர்டும் முட்டிக்கொண்டன. சாக்ஸபோன்காரர் முகம் சுளித்தார். மாமா கீபோர்டின் சின்னத் திரையில் சுருதி ஏறியிருப்பதைக் காட்டும் +1ஐப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பட்டனைத் தொடவில்லை. ஏறிய சுருதிக்கு ஈடாக இரண்டு கைகளும் ஒரு கட்டை இடப்பக்கம் நகர்ந்தன; சத்தம் சாக்ஸபோனோடு சேர்ந்துகொண்டது. பழகிய வெள்ளைக் கட்டைகளை விட்டுவிட்டு, கறுப்புக் கட்டைகளில் ஏறி இறங்கி, பாட்டு முழுவதையும் அப்படியே வாசித்து முடித்தார். நடுவில் என் ஏழாம் வாய்ப்பாட்டின் மெட்டு வேறு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வந்த காரியத்தை மறந்து நான்தான் முதலில் கை தட்டினேன்.

கைகொடுக்க வந்த சாக்ஸபோன்காரர் திரையைக் கண்டு திகைத்துப்போனார். இது பழைய மெஷின், சமயத்தில் சுருதி தானாகவே ஏறிக்கொள்ளும் என்று மாமா சொல்லிவிட்டார். இப்படி வாசிக்கிறவரை இனி வேறு சோதிக்க வேண்டுமா என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அம்மா அழுதாள். நானும் அழுதேன், வேறு காரணத்துக்கு.

புறப்பட்ட அன்று மாமா கீபோர்டை என் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"இது இனி ஒனக்குத்தான் மக்களே. எந்தப் பட்டன வேணும்னாலும் அமுக்கிக்கோ, கேட்டியா."

அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை என்ற நிம்மதியில் வேகமாகத் தலையாட்டினேன்.

அந்தக் கீபோர்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அது ஒருமுறைகூடத் தானாக ஏறியதில்லை.